முள் விழாத மூன்று நாட்கள்

காணாமல் போனவனின் மனைவி கடையில் உட்கார்ந்து துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள்.

லூயிசுக்கு முதலில் உறுத்தியது அதுதான். கல்மண்டபத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்புகிற தெருவில் இருந்தது அந்த மளிகைக் கடை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. சனிக்கிழமை வேலைக்குப் போன புருஷன் இன்னும் வீடு வந்து சேரவில்லை. ஞானசெல்வி அழுது வீங்கிய முகத்தோடு சுவரில் சாய்ந்திருப்பாள், சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் கையில் சோடாவோடு பக்கத்தில் நிற்பார்கள் என்றெல்லாம் ஸ்கூட்டரில் வரும்போதே கற்பனை செய்து வைத்திருந்தான். அவளோ பொட்டலத்தில் சணலைச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "ஒங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

"எங்களுக்குப் புருஷன் வேணும்," என்றான் லூயிஸ். "ஐயய்ய, உன் புருஷன்மா. தவசிமுத்து."

பக்கத்தில் நின்ற ரமாபாய் அவன் காலை மிதித்தாள். செருப்பு தேய்ந்திருந்ததால் அவ்வளவாக வலிக்கவில்லை.

ரமாபாய்க்கு நாற்பத்தெட்டு வயது, வியாசர்பாடிக்காரி. டெலிபோன் இலாகாவில் இருபது வருஷம் லைனில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கிற வேலை பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வில் வந்து ராயபுரத்தில் ஒரு மாடியறையில் துப்பறியும் அலுவலகம் போட்டிருந்தாள். கம்பியின் இரண்டு முனையையும் தொட்டுப் பார்த்தால் நடுவில் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. லூயிஸ் அவளுடைய உதவியாள், முப்பத்தாறு வயது. அதற்குமுன் கேபிள் டிவி லைன்மேனாக வடசென்னையின் மொட்டைமாடிகளில் பன்னிரண்டு வருஷம் தாவித் திரிந்தவன். கால் தாவுவதை நிறுத்திவிட்டது, வாய் நிறுத்தவில்லை.

"ஒங்கள யாரு அனுப்புனா?" என்றாள் ஞானசெல்வி.

"கருணாகரன் சார்," என்றாள் ரமாபாய். "உங்க வூட்டுக்காரர் வேலை செய்யற சேட்லைட் ஸ்டேஷன் மேனேஜர். நேத்து சாயங்காலம் எங்க ஆபீசுக்கே வந்துட்டாரு. ரொம்ப கலங்கிப் போயிருந்தாரு."

ஞானசெல்வி தராசுத் தட்டிலிருந்த பருப்பை அப்படியே திரும்ப மூட்டையில் கொட்டினாள். அவள் கை நடுங்கியதில் பாதி தரையில் சிந்தியது.

"அவிய ஊருக்குப் போயிருக்காவ. நாசரேத்துக்கு. வந்துருவாவ. யாரும் தேட வேண்டாம்னு அவருகிட்ட சொல்லிருங்க."

"போன் பண்ணாரா?"

"பண்ணுவாவ."

எண்ணெய்க்குப் பாட்டிலோடு நின்ற ஒரு கிழவரைக்கூடப் பார்க்காமல் ஷட்டரை இழுத்துச் சாத்திவிட்டாள்.

"தொறந்த கடைய நம்ம மூஞ்சப் பாத்து மூடிட்டாக்கா," என்றான் லூயிஸ். "நான் அவ்ளோ கலீஜாவா கீறேன்?"

"அவ அழல, கவனிச்சியா?"

"புருஷன் மேல பாசம் இல்லியோ இன்னாவோ."

"பாசம் இல்லாதவ கை எதுக்கு நடுங்குது? அவன் எங்க இருக்கான்னு அவளுக்குத் தெரியும் லூயிசு. காணாம போயிட்டான்னு அவ பயப்படல. நாம கண்டுபிடிச்சிடுவோம்னு பயப்படறா."

லூயிஸ் மூடிய ஷட்டரைத் திரும்பிப் பார்த்தான்.

எதிரிலிருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ரமாபாய் பையிலிருந்த காகிதக் கட்டை எடுத்தாள். கருணாகரன் கொடுத்த ஜெராக்ஸ் அது. தவசிமுத்து கைப்பட எழுதிய பதிவேட்டின் நகல்.

விஷயம் இதுதான். எண்ணூர்க் கழிமுகத்தின் ஓரத்தில் 'வான்கண்' என்ற சின்ன சேட்லைட் கம்பெனிக்கு ஒரு ஸ்டேஷன் இருந்தது. காசிமேட்டிலிருந்து காத்திவாக்கம் வரைக்கும் நானூறு படகுகளில் அவர்களுடைய பெட்டி. நடுக்கடலில் ஆபத்து என்றால் அதிலுள்ள சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். செய்தி வானத்துக்குப் போய் எண்ணூர் டிஷ்ஷில் இறங்கும், மீட்புப் படகு கிளம்பும். அந்தச் செய்தி இறங்கி வருகிற அலைவரிசை மேல்தான் 'அலைநெட்' என்கிற கம்பியில்லா இன்டர்நெட் கம்பெனிக்குக் கண். சேட்லைட்காரர்கள் காலி செய்யட்டும், அல்லது நாங்கள் பக்கத்தில் டவர் போட்டால் முணுமுணுக்காமல் இருக்கட்டும் என்றது அலைநெட். சர்க்கார் ஒரு குழுவைப் போட்டது. குழு, எண்ணூரிலேயே ஒரு டவரை நிறுத்தி மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள், டிஷ்ஷின் சிக்னல் விழுகிறதா இல்லையா என்று நிமிடத்துக்கு நிமிடம் எழுதி வையுங்கள் என்றது. விழவில்லை என்றால் அலைவரிசை அலைநெட்டுக்கு. செப்டம்பர் 27, 28, 29 மூன்று நாளும் எழுதியவன் தவசிமுத்து. எழுதி முடித்த அன்றே ஆளைக் காணோம். நாளைக்கு காந்தி ஜெயந்தி விடுமுறை. நாளை மறுநாள் காலை பத்தரை மணிக்குக் குழு கூடுகிறது.

"மேல கீற சேட்லைட்டு காதுல குசுகுசுன்னு பேசுது," என்று லூயிஸ் தன் பாணியில் விளக்கினான். "டவரு பக்கத்து வூட்டு காதுகுத்துக்கு மைக்செட் கட்னா மாரி கத்துது. எப்டிக்கா காதுல வுழும்?"

"ஆனா கேட்டிருக்கே. இதைப் பாரு."

எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. பக்கம் பக்கமாக அதே எண்கள். மூன்று நாளும் மீட்டர் முள் அசையவே இல்லை. கையெழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது.

ரமாபாயின் விரல் எண்களை விட்டு, கடைசிக் கட்டத்துக்குப் போனது. 'குறிப்பு' என்று தலைப்பு. சிக்னலைக் கெடுக்கக்கூடிய எதையும் அந்தக் கட்டத்தில் எழுதுவது அந்த வேலைக்காரர்களின் பழக்கம். இடி, வெல்டிங் வேலை, பக்கத்தில் போகிற லாரி எதுவானாலும் சரி.

"படிக்கிறேன் கேளு. பத்து இருபது, தரை அதிர்வு. பத்து இருபத்தாறு, தரை அதிர்வு. பத்து முப்பத்திரண்டு, தரை அதிர்வு, டேங்கர் ஏர்ஹார்ன். ரெண்டு மணி, ஆலைச் சங்கு, அம்மோனியா வாடை. எண்ணூர் ஸ்டேஷன் எங்க இருக்கு?"

"மணல் ரோட்டு கடைசில. சைக்கிள் போனாலே பொதையும்."

"அங்க ஆறு நிமிஷத்துக்கு ஒரு டேங்கர் எப்படிப் போகும்?"

லூயிஸ் டீயைப் பாதியில் நிறுத்தினான்.

"இதை அவன் எண்ணூர்ல எழுதல," என்றாள் ரமாபாய். "வேற எங்கயோ ஒளிஞ்சு உக்காந்து, ஒரே மூச்சுல எழுதியிருக்கான். எண்ணையெல்லாம் இட்டுக்கட்டிட்டான். குறிப்புக் கட்டத்தை மட்டும் பழக்கதோஷத்துல காதுல விழுந்தபடியே ரொப்பிட்டான். தொழில் பழக்கம் லேசுல விடாது."

"அந்த அதிர்வு எனக்குத் தெரிஞ்ச அதிர்வாட்டம் கீதுக்கா. எங்கியோ கால்ல பட்டிருக்கு. ஞாபகம் வர மாட்டேங்குது."

"வரும்போது என்கிட்ட மட்டும் சொல்லு. இப்ப கம்பியோட இன்னொரு முனைய தொட்டுப் பாத்துட்டு வரலாம். கருணாகரன் முன்னாடி வாயைத் திறக்காத."

"தச்சுட்டேன்க்கா," என்று லூயிஸ் உதட்டின்மேல் ஊசி ஓட்டிக் காட்டினான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குக் காத்துக்கிடந்த கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே புகுந்து புறப்பட்டு அவர்கள் ஸ்டேஷனை அடைந்தபோது மணி பதினொன்றரை. வெள்ளை டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தது. வேலிக்கு அந்தப்பக்கம், கூப்பிடு தூரத்தில், அலைநெட்டின் புது டவர். அதன் உச்சி விளக்கு அணைந்திருந்தது. ஸ்டேஷனில் காவலுக்குக்கூட ஆள் இல்லை, உள்ளே ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கருணாகரன் எழுந்து வந்து வரவேற்றார். உர ஆலை நிர்வாகத்திலிருந்து நான்கு மாதத்துக்கு முன் இங்கே மேனேஜராக வந்தவர். கஞ்சி போட்ட சட்டை, மென்மையான குரல், நேற்றைப்போலவே ஈரமான கண்கள்.

"ஏதாவது துப்பு கிடைச்சுதா அம்மா? அவனை நினைச்சா எனக்குத் தூக்கமே வரலை."

"இன்னும் இல்லை சார். டெஸ்ட் நடந்தப்போ நீங்க கூட இருந்தீங்களா?"

"கூடவா? இதே நாற்காலி." நாற்காலியின் முதுகைத் தட்டினார். "மூணு நாளும், காலையில் ஆறிலிருந்து ராத்திரி வரைக்கும். சாப்பாடுகூட இங்கேயே. அவன் எழுதுவான், நான் முள்ளைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். ஒரு நிமிஷம்கூட அது விழலை. மீட்டர் கெட்டுப்போச்சோன்னு நானே தட்டிப் பார்த்தேன்னா பாருங்க. ஞாயிற்றுக்கிழமை வந்தா பதிவேடு என் மேஜையில இருக்கு, ஆளைக் காணோம்."

மேஜைமேல் மீட்டர் இருந்தது. முள் எழுபத்திரண்டில் நின்றது. பக்கத்தில் ஒரு டிவி பெட்டியில் சேட்லைட்டிலிருந்து இறங்கும் சோதனைப் படம், கோடுகளும் வட்டங்களுமாக.

லூயிஸ் கையைக் கட்டிக்கொண்டு சமர்த்தாகத்தான் நின்றிருந்தான். ஏசி இயந்திரம் நின்று மறுபடி கிளம்பியபோது தரை லேசாக ஒரு தடவை அதிர்ந்தது. அந்த அதிர்வு உள்ளங்காலில் பட்டதும் பன்னிரண்டு வருஷத்து ஞாபகம் ஒன்று தலைக்குள் மளமளவென்று ஏறியது. சந்தோஷம் தாங்கவில்லை.

"அக்கா! எடை மேடைக்கா! மணலி உரக் கம்பெனியாண்ட லாரிய நிறுத்தி எடை போடுவாங்களே, அதுக்கு மேல் மாடி! நம்ம தோஸ்து ரஷீதோட பழைய கேபிள் ரூமு, டிஷ்ஷுக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச எடம்! லாரி ஏறி எறங்குறப்பலாம் தரை ஆடும். தவசிமுத்து அங்கதான் கீறான், என் தலைல அடிச்சி சத்தியம் பண்றேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் ரமாபாயின் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றுமே இல்லை. அவள் அப்படி ஆவது மிகவும் கோபம் வரும்போது மட்டும்தான்.

"மணலியா!" என்றார் கருணாகரன். "கடவுள் புண்ணியம். நல்லா இருக்கானா பாருங்க முதல்ல. இருங்க, டீ சொல்றேன்." அவர் பார்வை இவர்கள் மேல் இருந்தது. கட்டைவிரல் மட்டும் மேஜைக்குக் கீழே செல்போனில் நடந்துகொண்டிருந்தது. டீ சொல்வதற்கு எஸ்எம்எஸ் எதற்கு என்று லூயிஸ் யோசித்தான்.

அப்போது முள் அசைந்தது.

எழுபதுக்கு வந்தது. அறுபது. நாற்பத்தைந்து. இருபதுக்குக் கீழே சரிந்தது. டிவியில் கோடுகளும் வட்டங்களும் நடுங்கிக் கரைந்து, பெட்டி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொதித்தன. சுவரில் சிவப்பு விளக்கு எரிந்து பஸ்ஸர் அலறியது. கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்து நான்கு.

கருணாகரன் துள்ளி எழுந்தார். "என்னாச்சு? யார் ஒயரை மிதிச்சது? டவரைத்தான் சனிக்கிழமையே அணைச்சாச்சே, இப்போ ஏன் விழுது?"

லூயிஸ் பதில் சொல்ல வாயெடுத்தான். இந்த முறை ரமாபாய் குதிகாலால் மிதித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மெஷின் சமாச்சாரம் எங்களுக்கு என்ன சார் தெரியும்," என்றாள் அவள். "நீங்க அதைக் கவனிங்க. நாங்க மணலிக்குப் போய்ப் பாத்துட்டு தகவல் சொல்றோம்."

ஸ்கூட்டர் மணல் ரோட்டைத் தாண்டியது. ரமாபாய் பின்னாலிருந்து கேட்டாள்.

"முள் ஏன் விழுந்துச்சு?"

"சூரியன்க்கா. சன் அவுட்டேஜ்னுவோம். மார்ச்சுல ஒரு தபா, செப்டம்பர் கடைசில ஒரு தபா, சூரியன் கரெக்டா சேட்லைட்டுக்குப் பின்னால வந்து நிக்கும். டிஷ்ஷு சூரியனையே பாத்துகினு கீறதால படம் பூடும். ஏழெட்டு நிமிஷம். அப்பால தானா வந்துடும். ஒரு வாரத்துக்கு டெய்லி அதே டைமுக்கு. இந்த சீசன்ல பொம்பளைங்க சீரியல் பூட்ச்சின்னு என்னை எவ்ளோ திட்டிகீறாங்க தெரியுமா? டிஷ்ஷ தொட்டவன் எல்லாருக்கும் இது தெரியும்."

"இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. மூணு நாளும் வந்திருக்கும் இல்லையா?"

"கண்டிப்பா."

"பதிவேட்டுல இல்லை. தவசிமுத்துக்குத் தெரியாதா?"

லூயிஸின் கை ஆக்சிலேட்டரில் தளர்ந்தது. "அவனுக்குத் தெரியாம எப்டிக்கா?"

"அப்போ வேணும்னே விட்டிருக்கான். பொய்ப் பதிவேடு எழுதுடான்னு அவனை மிரட்டியிருக்காங்க. கடையில தனியா உக்காந்திருக்கிற பொண்டாட்டியைக் காட்டி மிரட்டியிருப்பாங்க. சரின்னு எழுதிக் குடுத்துட்டான். ஆனா சூரியனை விட்டுட்டு எழுதிட்டான். நாளை மறுநாள் குழுவுல சேட்லைட் தெரிஞ்ச ஒரே ஒரு ஆள் அதைப் புரட்டினாப் போதும், மொத்தமும் பொய்னு சிரிச்சிடுவான். அப்போ நிஜப் பதிவேட்டோட வந்து நிக்கறதுக்காக தவசிமுத்து ஒளிஞ்சிருக்கான். இது கருணாகரனுக்குப் புரியல. மூணு நாள் அங்க உக்காந்திருந்தா புரிஞ்சிருக்கும்."

"டவர அணைச்சாச்சே, ஏன் வுழுதுன்னாரே..."

"டவர் ஓடினா விழும்னு அவருக்கு நல்லாத் தெரியும்னு அர்த்தம். நிஜப் பதிவேட்டுல அதுதான் இருக்கும். அவர் அலைநெட்டுக்கு விலை போயிட்டாரு. காணாம போன ஆளைத் தேடல லூயிசு. அந்தப் பதிவேட்டைத் தேடறாரு. அதுக்கு நம்மள மோப்ப நாயா வச்சாரு."

காற்றில் உர வாடை வரத் தொடங்கியிருந்தது.

"நான் சொல்லிட்டேனேக்கா. இடத்த வெச்சி, ரூம வெச்சி, எல்லாத்தியும் சொல்லிட்டேனே."

"ஆமா. சொல்லிட்ட."

அவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவன் அழுதிருப்பான். அவளோ மணலி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். வண்டி வெளியே போயிருக்கிறது, வர அரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். ரஷீதுக்கு லூயிஸ் மூன்று தடவை போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எடை மேடையில் ஒரு டேங்கர் நின்றிருந்தது. பின்னால் பத்துப் பன்னிரண்டு டேங்கர்கள் வரிசையாக. மாடிப்படிக்குக் கீழே ஒரு வெள்ளை சுமோ, ஓட்டுநர் இல்லாமல், எஞ்சின் ஓடிக்கொண்டே. சின்ன கூண்டுக்குள் உட்கார்ந்து எடைச் சீட்டு எழுதுகிற ரஷீது லூயிஸைப் பார்த்தான். கண்ணால் மாடிப் பக்கம் காட்டினான். அவன் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

மேலே கதவு திறந்துதான் கிடந்தது. அறைக்குள் இரண்டு பேர். ஒருவன் தடியன், கட்டிலைப் புரட்டிப் போட்டு மூச்சிரைத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் ஒல்லி, ஜன்னல் பக்கம் நிதானமாக நின்றான். அவனைப் பார்த்துத்தான் லூயிசுக்கு அதிகம் பயமாக இருந்தது.

"யாரு?" என்றான் ஒல்லி.

"கருணாகரன் சார் வச்ச ஆளுங்க," என்றாள் ரமாபாய். பொய் இல்லை. "இடத்தைக் கண்டுபிடிச்சுச் சொன்னதே நாங்கதான். ஆள் எங்கே?"

"பட்சி பறந்துட்ச்சி. ரூமு, கக்கூசு, மொட்டைமாடி, எல்லாம் பாத்தாச்சு. துருப்புடிச்ச டிஷ்ஷு ஒண்ணுதான் கீது. டீ கிளாஸ் இன்னும் சூடு ஆறல."

மேஜைமேல் டீ கிளாஸ். பக்கத்தில் ஒரு நோட்டு, திறந்தபடி. ரமாபாய் எட்டிப் பார்த்தாள், லூயிசும் பார்த்தான். அச்சடித்த மாதிரி அதே கையெழுத்து. இன்றைய தேதி போட்டிருந்தது. பதினொன்று நாற்பத்து நான்கு முதல் ஐம்பத்தொன்று வரை, சூரியன். பன்னிரண்டு பத்து, படிக்கட்டில் காலடி, இரண்டு பேர். அதற்குக் கீழே எதுவும் இல்லை.

ஒளிந்திருக்கிற இடத்தில்கூட இந்த மனுஷனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

"எனக்கு ஒண்ணு ஒதைக்குது," என்றான் ஒல்லி. மூலையிலிருந்த டிவியைக் காட்டினான். அதில் வெள்ளைப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன. "ஆள் இல்லாத ரூம்ல டிவி ஓடுது, படம் வரல. படம் வராத டிவிய எவன் பாத்துகினு இருந்தான்?"

லூயிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு இருபத்தேழு.

எங்கிருந்துதான் வந்ததோ, பழைய லைன்மேனின் குரல் வந்தது. வீட்டுக்கு வீடு திட்டு வாங்கிப் பழகிய குரல்.

"அட, இதுவா மாமு? சன் அவுட்டேஜு. வருஷா வருஷம் இதே பேஜாரு. சூரியன் சேட்லைட்டுக்குப் பின்னால பூந்துக்கும், மத்தியானம் ஃபுல்லா படமே வராது. உன் வூட்ல கூட இப்ப இப்டித்தான் கீதும், போன் போட்டு கேளு. நம்பலியா? சாருக்கு போடு. எண்ணூர்ல சித்த முன்னாடி அவுரு கண்ணு முன்னாலயே பூட்ச்சி, நாங்க பாத்துகினுதான இருந்தோம்?"

ஒல்லி அவனையே பார்த்தான். செல்போனை எடுத்தான். "சார், அங்க டிவி, மீட்டரு எதுனா நின்னுச்சா?" கேட்டுக்கொண்டான். "சரி சார்." போனை மூடினான். "ஆமான்றாரு."

"போலீஸ் வண்டி வருது," என்றாள் ரமாபாய், யாரையும் பார்க்காமல். "நான்தான் முன்னமே சொல்லி வச்சேன், ஆள் காணோம்னு புகார் இருக்குல்ல. உங்களை இங்க பாத்தா சாருக்குத்தான் சங்கடம்."

தடியன் ஒல்லியைப் பார்த்தான். இருவரும் இறங்கிப் போனார்கள். படியில் காலடி தேய்ந்து மறைந்தது. சுமோ கிளம்பவில்லை. ஜன்னல் இடுக்கில் பார்த்தால், எதிர்ச்சாரியில் போய் மொட்டைமாடி தெரிகிற மாதிரி நின்றுகொண்டது.

"ஏழெட்டு நிமிஷம்தான்னு சொன்ன," என்றாள் ரமாபாய் மெல்ல. "இப்ப பன்னண்டரை ஆகப் போகுதே."

"பொய்யிக்கா. சூரியன் எப்பவோ பூட்ச்சி. அவனே எழுதி வெச்சிகீறான் பாரு, ஐம்பத்தொண்ணுக்கு முட்ஞ்சிட்ச்சி." லூயிஸ் கூரையைக் காட்டினான். "மேல கீறது பழைய எட்டடி டிஷ்ஷு. ஸ்டாண்டு ஆடும். காக்கா குந்துனா ஒண்ணும் ஆவாது. ஆள் வெயிட் ஏறுனா கோணம் தள்ளிபூடும், படம் வராது. நம்மூர்ல டிஷ்ஷு வானத்தப் பாத்து சட்டியாட்டம் கெடக்கும். உள்ள சுருண்டு படுத்தா, மொட்டைமாடில நிக்கறவனுக்குத் தெரியாது."

ரமாபாய் டிவியைப் பார்த்தாள். இப்போது அந்தப் புள்ளிகள் ஒரு மனிதன்.

"வெயில்ல, அந்தத் தகரச் சட்டியில, கால் மணிக்கு மேல..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "மேல போக முடியாது. போனா சுமோக்காரன் பாத்துடுவான்."

டிவிக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சுவர் ஓட்டை வழியாக மாடிக்குப் போயிருந்தது. செல்போன் இல்லாத காலத்தில் டிஷ் திருப்புகிறவன் மேலேயும், படம் பார்த்துச் சொல்கிறவன் கீழேயும் இருப்பார்கள். பேச்சுக்கெல்லாம் வழியில்லை, ஒயர்தான். ஒரு இழுப்பு என்றால் இன்னும் திருப்பு. இரண்டு இழுப்பு என்றால் போதும், இறங்கு. தவசிமுத்தும் அப்படித்தான் தொழில் கற்றிருப்பான்.

எதிர்ச்சாரியில் சுமோ மெதுவாக நகர்ந்தது. தூரத்தில் போலீஸ் ஜீப்பின் ஹார்ன். சுமோ வேகமெடுத்து டேங்கர்களுக்குப் பின்னால் மறைந்தது.

லூயிஸ் மண்டியிட்டு ஒயரைப் பிடித்தான். ஒரு தடவை இழுத்தான். இன்னொரு தடவை இழுத்தான். காத்திருந்தான்.

டிவியில் புள்ளிகள் கொதித்தன. ஒன்றும் மாறவில்லை.

அவனுடைய செல்போன் அடித்தது. கருணாகரன். அடிக்கிற போனை எடுக்காமல் விட்ட சரித்திரம் அவன் வாழ்க்கையில் கிடையாது. அடித்து அடித்து அது தானாக நின்றது.

"லூயிசு," என்றாள் ரமாபாய். அவள் கை அவன் தோளில் இருந்தது. எப்போது வைத்தாள் என்று அவனுக்குத் தெரியாது.

மறுபடி இரண்டு இழுப்பு. கர்த்தரே, என் வாயால ஒருத்தனக் கொன்னுட்டேன்னு இருக்கக் கூடாது, இந்த ஒரு தபா மட்டும்.

கையிலிருந்த ஒயர் மெல்ல ஒருமுறை இறுகித் தளர்ந்தது. பிறகு இன்னொரு முறை.

மேலே தகரம் முனகியது. டிவியில் புள்ளிகள் கலைந்தன. யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே கூட்டுக்குழம்பு செய்து காட்டிக்கொண்டிருந்தாள், பளிச்சென்று, நிறம் மாறாமல். லூயிசுக்கு அந்தக் குழம்பைப் பார்த்துக் கண்ணீர் கொட்டியது.

புறங்கையால் துடைத்துக்கொண்டு மேஜையருகே போனான். தவசிமுத்துவின் நோட்டை இழுத்து, கடிகாரத்தைப் பார்த்து, குறிப்புக் கட்டத்தில் தன் கோணல் கையெழுத்தில் எழுதினான்: பன்னிரண்டு நாற்பத்தொன்று, படம் வந்தது.